அஞ்சறைப் பெட்டியில் அடங்காத தேங்காய்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர் பாளையங்கோட்டை சண்முகவடிவு. தரவுத்தளங்களைப் பராமரிப்பது அவர் தொழில். கேட்டது 2019, ஆனி மாதத்து மாலை ஒன்றில். ஆற்றுப்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றுவிட, பேருந்து இருக்கையில் அமர்ந்தபடியே முழுவதையும் சொல்லி முடித்தார். தம்முடன் வேலை பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டதாகவும், அவருக்குச் சொன்னவர் யாரென்று தெரியாதென்றும் கூறினார். பிற வடிவங்களைக் கடைசியில் குறிக்கிறேன்.



"அம்மா, பேரில்லாத மனுஷனை எந்தக் கட்டத்துல வைக்க?"

கேட்டவர் ஆறுமுகநயினார். அறுபதைக் கடந்தவர், மாணவர்.

கேட்கப்பட்டவர் மரகதவல்லி. நாற்பதைத் தொடாதவர், கணினி ஆசிரியர்.

இதைச் சொல்லிச் சிரிக்காதவர் அந்த ஆற்றங்கரை ஊரில் இல்லை.

"என்ன நயினாரே, மவ வயசுப் பிள்ளைட்ட சிலேட்டுத் தூக்கிட்டுப் போறீராமே?" என்பார்கள்.

"நீரும் வாரும். கடைசி பெஞ்சு காலியாத்தான் கெடக்கு" என்பார் நயினார்.

அன்று தைப்பூசத் தீர்த்தவாரி. ஊர் கொள்ளாத கூட்டம். மரகதவல்லி அன்னதானக் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பேரில்லாத மனுஷன் உண்டுமா, அண்ணாச்சி?"

"பேரு இருக்கும். நமக்குத் தெரியல."

"பொறவு ஏன் இல்லேங்கிய?"



"நான் சொல்லல, அம்மா. அட்டவணை சொல்லுது."



அட்டவணை என்றால் நயினாருக்கு உயிர்.

தாலுகா அலுவலகத்தில் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியே பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். புல எண்ணுக்கு ஒரு கட்டம், உடையவர் பெயருக்கு ஒரு கட்டம், எல்லைக்கு ஒரு கட்டம். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதுவது அவர் கணக்கில் பாவம். ஓரிடத்தில் எழுதவேண்டும், மற்ற அட்டவணைகள் அதைச் சுட்டிக்காட்டி ஒன்றோடொன்று இணையவேண்டும். உறவுசார் தரவுத்தளம் என்பது அதன் பெயர்.

திருவிழாவில் தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை ஊரார் அவரிடம் கொடுத்தபோது, அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. காணாமல் போனோருக்கு ஓர் அட்டவணை. தேடி வந்தோருக்கு ஓர் அட்டவணை. இரண்டிலும் பெயர், ஊர், வயது என்ற கட்டங்கள். எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது. பெயரும் ஊரும் வயதும் பொருந்தினால் மணி அடிக்கும்.

காலையில் மணி ஓயவில்லை. பிள்ளையைத் தொலைத்த தாய், கணவனைத் தொலைத்த மனைவி, மாமியாரைத் தொலைத்துவிட்டு அவ்வளவாகத் தேடாத மருமகள் என்று எல்லாருக்கும் அடித்தது.

பிறகு, படித்துறையில் தனியே நின்ற ஓர் ஆளைக் காவலர் ஒருவர் அழைத்துவந்தார்.

நாற்பது வயதிருக்கும். வாய் பேசவில்லை. எழுதவும் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் கேட்டவர் முகத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

தொலைந்தோர் கூடத்தில் கணினி முன் இருந்தவர் ஜெபராணி. வங்கியில் வேலை, விடுப்பெடுத்துத் தொண்டுக்கு வந்தவர். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டார். அட்டவணை மறுத்தது. ஊர்க் கட்டத்தை விட்டார். மறுத்தது. வேறு வழி தெரியாமல் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினார். ஊர் என்ற இடத்திலும் 'தெரியாது.' வயது நாற்பது.

மணி அடித்தது.

ஜெபராணி துள்ளி எழுந்தார்.



முன்பே ஒருவர் பதிந்துவிட்டுப் போயிருந்தார். பெயர் கொம்பையா. கரிசல்காட்டுக்காரர். கையில் மஞ்சள் பை.

"யாரைத் தேடுதிய, அய்யா?"

"என் மவனை. இதே தீர்த்தவாரியில, ரெண்டு வயசுல கூட்டத்துல விட்டேன். வருஷா வருஷம் வாரேன். இப்ப நாப்பதைத் தொட்டிருப்பான்."

"இப்ப என்ன பேருல இருக்காரு?"

"தெரியாது, தாயி."

"எந்த ஊருல?"

"தெரியாது."

"போன் நம்பர்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க நிக்கேன்?"

கட்டங்கள் நிறைந்தன. தெரியாது, தெரியாது, நாற்பது.

இந்தத் தெரியாதும் அந்தத் தெரியாதும் ஒன்றென்று அட்டவணை முடிவு செய்தது. அதற்கு வேறு விதமாக முடிவு செய்யத் தெரியாது.

ஜெபராணி கொம்பையாவைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தார். "உங்க மவன் கெடச்சிட்டாரு, அய்யா!" என்றார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டு பெண்கள் குலவையிட்டார்கள்.

கொம்பையா அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் கொம்பையாவைப் பார்த்தும் மெல்லச் சிரித்தார்.

மணி எதனால் அடித்தது என்று நயினார் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பெஞ்சுப் பக்கம் அவர் போகவில்லை. அன்னதானக் கூடத்துக்கு வந்துவிட்டார்.



மரகதவல்லி எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எழுந்தார்.

தாளிப்பு அடுப்பருகே சமையற்காரர் பலவேசம் வைத்திருந்த பெரிய அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிவந்து நயினார் முன் வைத்து, மூடியைத் திறந்தார்.

"எப்படி இருக்கு?"

நயினார் முகம் சற்றே தெளிந்தது. "லட்சணமா இருக்கு. கடுகு கடுகு எடத்துல, வெந்தயம் வெந்தயத்து எடத்துல. கண்ணைக் கட்டிக்கிட்டும் எடுக்கலாம்."

மரகதவல்லி குவியலிலிருந்து ஒரு தேங்காயை உருட்டிவிட்டார்.

"இதை வைங்க."

"எந்த அறையில?"

"அதைத்தானே நீங்க எங்கிட்ட கேட்டிய?"

நயினார் சொன்னதைச் செய்யும் மாணவர். தேங்காயைக் கடுகறையின் மேல் வைத்து அழுத்தினார். கடுகு சிதறியது.

"ஓய்!" என்று அடுப்பருகிலிருந்து பலவேசம் கத்தினார். "கடுகு மேல தேங்காய் உருட்டுத ஆளை இன்னைக்குத்தான்வே பாக்கேன்!"

"அடங்கல, அம்மா" என்றார் நயினார்.

"அப்ப இது தேங்காயே இல்லேன்னு எழுதிருவோமா?"

தேங்காய் பெட்டியிலிருந்து உருண்டு விழப்பார்த்தது. நயினார் அனிச்சையாகத் தோள் துண்டை எடுத்து விரித்தார், தேங்காயை நடுவில் வைத்தார், நான்கு முனையையும் கூட்டி முடிந்தார்.

முடிந்த பிறகு தம் கையையே பார்த்தார்.

மரகதவல்லி மறுபடியும் கறிவேப்பிலைக்குப் போயிருந்தார்.



அந்த முறையை ஆசிரியர் முன்பே கற்றுக்கொடுத்திருந்தார். நயினார்தான் மூக்கைச் சுளித்திருந்தார்.

உறவு சாராத் தரவுத்தளம். கட்டங்கள் கிடையா. ஒருவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே மூட்டையில். இந்த மூட்டையில் இருப்பது அடுத்த மூட்டையிலும் இருந்தாகவேண்டும் என்ற நியதி இல்லை. அதன் நகலை எத்தனை இடத்திலும் வைக்கலாம். ஓரிடத்துக்கு இணையத் தொடர்பு அறுந்தாலும் மற்ற இடங்களில் வேலை நிற்காது. தொடர்பு வந்ததும் நகல்கள் ஒன்றையொன்று பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

"இது சோம்பேறி வீட்டுப் பரண், அம்மா" என்று அன்று சொல்லியிருந்தார்.

இன்று தேங்காய் முடிந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தொலைந்தோர் கூடத்துக்கு விரைந்தார். பந்தி ஒன்று முடிந்து இலை எடுக்கும் நேரத்துக்குள் பரணைக் கட்டிவிட்டார். கூடத்தில் ஒரு நகல். பேருந்து நிலைய விசாரணைக் குடிலில் ஒரு நகல்.

"ஜெபராணி, அந்த மனுஷனைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது, சார். அதான் தெரியாதுன்னு போட்டேன்."

"கண்ணால பாத்ததைச் சொல்லுங்க."

"பாத்ததா?" ஜெபராணி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "சட்டைப் பொத்தானை ஒண்ணு தள்ளிப் போட்டிருக்காரு. உள்ளங்கை காய்ச்சுக் கெடக்கு. டீ குடுத்தா ஆறி அவலாப் போனபொறவுதான் குடிக்காரு. கையில எது கெடச்சாலும் முடிச்சுப் போடுதாரு."

"முடிச்சா?"

"என் அடையாள அட்டைக் கயித்தைப் பாருங்க, சார். எங்க வீட்டுக்காரர் தாலிக்கே மூணு முடிச்சுதான் போட்டாரு."

நயினார் அந்தக் கயிற்றை வாங்கிப் பார்த்தார். ஒரே அளவு. ஒரே இடைவெளி. எல்லாவற்றையும் மூட்டையில் சேர்த்தார். பொத்தான், டீ, முடிச்சு, முடிச்சின் படம்.

மூட்டை எதையும் மறுக்கவில்லை.

பிறகு கொம்பையாவின் அருகே போய் உட்கார்ந்தார். என்ன பெயர், என்ன ஊர் என்று கேட்கவில்லை.

"அய்யா, உங்க மவனைப் பத்தி என்னெல்லாம் ஞாபகம் இருக்கு?"

கொம்பையா அவர் பக்கம் திரும்பினார். இத்தனை ஆண்டுகளில் எவரும் அப்படிக் கேட்டதில்லை போலும்.

"சுடலைமுத்துன்னு பேரு வச்சோம். அகல் விளக்கைக் கண்டா சிரிப்பான். ஊத வருவான், ஊதத் தெரியாது, எச்சில்தான் தெறிக்கும். அவன் ஆத்தா ஒரு பாட்டுப் படிச்சா உறங்குவான். பாட்டு எனக்கு மறந்துபோச்சு. இடது காது மடலுக்குப் பின்னால எள்ளு மாதிரி ஒரு மச்சம்."

நயினாரின் விரல் நின்றது.

கொம்பையா பிடித்திருந்த கைக்கு உரியவர் இருவருக்கும் நடுவே சிரித்துக்கொண்டு இருந்தார். அவர் காதை முடி மறைத்திருந்தது.

"பாத்தியளா, அய்யா?"

"இல்லை."

"ஏன்?"

"பாத்தா இல்லேன்னு ஆயிட்டா?"

நயினார் தலை குனிந்தார். குனிந்தபடியே சுடலைமுத்துவின் மூட்டையைக் கட்டினார். விளக்கு, எச்சில், மறந்துபோன பாட்டு, மச்சம்.



பேருந்து நிலையக் குடிலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் சந்தனமாரி. கடலோர ஊர். திருவிழாக்களில் சங்கும் சோழிமாலையும் விற்பவள்.

"காலையிலயும் வந்தேன். எங்க அண்ணன் பேரைச் சொன்னேன். அப்படி ஒரு ஆளே இல்லேன்னு உங்க பெட்டி சொல்லிட்டு. பத்து விரலும் உள்ள ஆளை இல்லேன்னு சொல்ல அதுக்கு என்ன தைரியம்?"

"பேரை விடுங்க, அக்கா. அவர் எப்படி இருப்பாரு?" என்றார் குடிலில் இருந்தவர். நயினார் அப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எப்படி இருப்பான்? வாய் பேசமாட்டான். நூலைக் கண்டா விடமாட்டான். வலை முடிஞ்ச கை. உங்க வேட்டி நுனியைக் குடுத்தாலும் முடிஞ்சு வச்சிருவான்."

குடிலில் இருந்தவர் 'முடிச்சு' என்று தட்டினார். படம் வந்தது. சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஆளுக்கு உரியவர் சந்தனமாரி என்று அவர் தம் நகலில் எழுதி, ஒப்படைப்புச் சீட்டும் கொடுத்து அனுப்பினார்.

அதே நேரம் கூடத்தில் கொம்பையா எழுந்திருந்தார்.

"தாயி, எங்க ஊருக்கு இருக்கதே ஒரு பஸ்ஸு. அதை விட்டா நாளைக்குத்தான். சீட்டைக் குடுத்திரு."

ஜெபராணி நயினாரைத் தேடினார். அவர் கூட்டத்தில் எங்கோ மாட்டியிருந்தார். கொம்பையாவின் முகத்தைப் பார்த்து மறுக்க ஜெபராணியால் முடியவில்லை. இந்த ஆளுக்கு உரியவர் கொம்பையா என்று கூடத்து நகலில் எழுதினார்.

இடையில் இணையத் தொடர்பு அறுந்திருந்தது. ஆற்றங்கரையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படம் அனுப்பினால் எந்த இணைப்புதான் தாங்கும்?

இரண்டு நகல்களும் தத்தமக்குத் தெரிந்ததை உண்மையென்று வைத்திருந்தன.

தொடர்பு வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. மூட்டை இரண்டு பெயரையும் வாங்கிக்கொண்டது. அது எதையும் மறுக்காது.

நயினார் உள்ளே வந்தபோது கையில் சீட்டோடு கொம்பையா நின்றார். கையில் சீட்டோடு சந்தனமாரி நின்றாள். நடுவே அந்த ஆள் அடையாள அட்டைக் கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் கையை விடுங்க, பெரியவரே."

"என் மவன்னு பெட்டி சொல்லிட்டு, தாயி."

"பெட்டி காலையில எங்கிட்டயும் ஒண்ணு சொல்லிச்சு!"



"அம்மா!"

நயினார் அன்னதானக் கூடத்துக்கு ஓடிவந்திருந்தார்.

"பெட்டி எல்லாத்தையும் வேண்டாங்குது. துண்டு எதையும் வேண்டாங்க மாட்டேங்குது. பெட்டி உள்ள ஆளை இல்லேன்னு சொல்லிச்சு. துண்டு ஒருத்தரை ரெண்டு பேருக்குக் குடுத்திட்டு. எதைத்தான் நம்ப?"

மரகதவல்லி அஞ்சறைப் பெட்டியை அவர் முன் நகர்த்தினார்.

"ஒரு கரண்டி கடுகு எடுங்க, அண்ணாச்சி."

நயினார் குனிந்தார்.

"பலவேசம் அண்ணே, நீங்களும் ஒரு கரண்டி எடுங்க."

பலவேசம் காத்திருந்தவர்போல் பாய்ந்து பெட்டியிலிருந்த சிறுகரண்டியைப் பிடுங்கினார். "எண்ணெய் காயுதுவே! தள்ளும்!"

நயினார் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"எதுக்கு நிக்கிய?" என்றார் மரகதவல்லி.

"கரண்டி ஒண்ணுதானே இருக்கு? அவரு வச்சாத்தானே நான் எடுக்க முடியும்."

சொன்னதை அவர் காதே கேட்டது.

பலவேசம் கரண்டியை வைத்தபோது எடுக்க அங்கே ஆளில்லை.



நயினார் மூட்டைகளைக் கலைக்கவில்லை. தேடுவது மூட்டைகளின் வேலையாகவே இருக்கட்டும் என்று விட்டார்.

அவற்றின் பக்கத்தில் தம் பழைய அட்டவணையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரே ஓர் அட்டவணை. கூடத்துக் கணினியில் மட்டும். அதற்கு நகல் கிடையாது. ஒருவரை ஒப்படைக்க ஒரே ஒரு வரி. எழுதியபின் அதே ஆளுக்கு இன்னொரு வரி எழுத முயன்றால் மறுக்கும். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்கவேண்டும். ஒப்படைக்கப்படுபவரின் பெயர் என்ற முதல் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது. 'தெரியாது' என்று எழுதவும் கூடாது.

எழுந்து நின்று கேட்டார்.

"இவர் பேரு என்ன?"

"சுடலைமுத்து" என்றார் கொம்பையா.

"மந்திரமூர்த்தி" என்றாள் சந்தனமாரி. "ஒத்த வார்த்தை பேசாதவனுக்கு எங்க அப்பன் வச்ச பேரு."

நயினாரின் விரல் பெயர்க் கட்டத்தின் மேல் நின்றது. ஓர் இடம்தான். தாமாக எதையும் எழுத அவர் துணியவில்லை.

சந்தனமாரி வாதாடவில்லை. சோழிமாலை கோக்கும் நூலுருண்டையை இடுப்பிலிருந்து எடுத்தாள். ஒரு முனையை அந்த ஆளிடம் நீட்டினாள்.

அவர் ஜெபராணியின் கயிற்றைக் கீழே போட்டார். நூலைப் பிடித்தார். ஒரு முடிச்சு. அவள் தன் முனையில் ஒரு முடிச்சு. அவர் அவள் கண்ணியில் நுழைத்து இழுத்தார். அவள் அவர் கண்ணியில் நுழைத்து இழுத்தாள். ஒருவர் கையை மற்றவர் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை வளர்ந்தது.

கொம்பையா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மஞ்சள் பையைப் பெஞ்சின் மேல் வைத்தார். அந்த ஆளின் பின்புறம் போனார். இடது காதின் மேல் விழுந்த முடியைச் சுட்டுவிரலால் ஒதுக்கினார். மடலை மெல்ல மடக்கிப் பார்த்தார்.

அந்த ஆள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

கொம்பையா முடியைப் பழையபடி விட்டார். தள்ளிப் போட்டிருந்த சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

"எழுதும், நயினாரே."

"என்னன்னு, அய்யா?"

"மந்திரமூர்த்தி."

அட்டவணை ஏற்றுக்கொண்டது.



பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போன கொம்பையா நின்றார்.

"என் மவன் மூட்டை?"

"இருக்கு, அய்யா" என்றார் நயினார்.

"திருவிழா முடிஞ்சதும் அழிச்சிருவியளோ?"

"அதுல மூடணும்னு ஒரு கட்டமே கெடையாது."

"அப்ப இன்னொண்ணும் போட்டுக்கிடும். ஊதத் தெரியாமப் போனவனுக்கு ஊதச் சொல்லிக்குடுக்க அப்பன் இன்னும் உயிரோடதான் இருக்கான்னு."

நயினார் சேர்த்தார்.

சந்தனமாரி கைபேசியை நீட்டினாள். "அதை எனக்கும் ஒரு நகல் போட்டுக் குடுங்க, சார். மணப்பாட்டுலயிருந்து ராமேசுரம் வரைக்கும் எந்தத் திருவிழாவுலயும் எங்க கடை இருக்கும். இனி மாலை வாங்க வாரவன் காதையும் பாத்துத்தான் விலை சொல்லுவேன்."

கொம்பையா சிரித்துவிட்டார். சந்தனமாரியின் வண்டி அவர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. மூவரும் ஒன்றாகவே புறப்பட்டார்கள்.



நயினார் அன்னதானக் கூடத்துக்குத் திரும்பினார். தேங்காய் இன்னும் அவர் தோளில் தொங்கியது.

"அம்மா, கடைசியா ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க, அண்ணாச்சி."

"பெட்டி பெரிசா, துண்டு பெரிசா?"

மரகதவல்லி அவர் தோளிலிருந்த துண்டை வாங்கினார். முடிச்சை அவிழ்த்தார். தேங்காயின் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியையும் வைத்தார். நான்கு முனையையும் கூட்டி முடிந்து அவர் கையில் கொடுத்தார்.

"பலவேசம் அண்ணன் சட்னிக்கு நிக்காரு. சீக்கிரம் கொண்டுபோங்க."



சண்முகவடிவு சொன்ன வடிவம் இதோடு முடிகிறது. காது மடலுக்குப் பின்னால் மச்சம் இருந்ததா என்று கேட்டேன். "நயினார் பாக்கலையே. பொறவு நான் எப்படிச் சொல்ல?" என்றார்.

தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் கேட்ட வடிவில் மச்சம் இருந்தது. அதைக் கண்ட பிறகுதான் கொம்பையா மந்திரமூர்த்தி என்று சொன்னார் என்கிறார்கள். அங்கே அவர் ஊர் விலக்கில் இறங்குவதில்லை. கடலோரம் வரை போகிறார்.

கோவில்பட்டியில் கேட்ட வடிவில் மச்சம் இல்லை. இரண்டாண்டு கழித்து, சோழிமாலைக் கடையில், விளக்கைக் கண்டு சிரித்த ஒருவனிடம் சந்தனமாரி கைபேசியை எடுத்துக் காட்டுவதோடு கதை நிற்கிறது.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்த நான் முயலவில்லை. கேட்டவாறே வைத்திருக்கிறேன்.

ஆனால் எந்த ஊரில் எவர் சொன்னாலும், மந்திரமூர்த்தி இரண்டாம் முறை தொலைவதில்லை.